குருவியின் கண்ணுக்குள் ஒரு திசைகாட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செப்டம்பர் பிறந்தால் எங்கள் தாமானில் இருந்து சில குடும்பங்களையும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளையும் பினாங்கு பெருநிலத்தில் இருக்கும் தெலுக் ஆயர் தாவார் கடற்கரைக்குக் கூட்டிப் போவது என் வழக்கம். சேற்றில் இறங்கி மேயும் உள்ளான்களைத் தொலைநோக்கியில் காட்டுவேன். ஒவ்வொரு வருடமும் அதே சந்தேகங்கள் வருகின்றன. சிலவற்றுக்கு அந்த இடத்தில் என்னால் சரியாகப் பதில் சொல்ல முடிந்ததில்லை. வீட்டுக்கு வந்து படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அவற்றை எல்லாம் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

டீச்சர், இந்தக் குருவிங்க எங்கிருந்து வருது? ஏன் இவ்வளவு தூரம் வருது?

பெரும்பாலும் சைபீரியா, மங்கோலியா, வட சீனா, கொரியா, ஜப்பான் பக்கத்திலிருந்து. அங்கே குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்துவிடும், பூச்சி புழு கிடைக்காது. அதனால் செப்டம்பர், அக்டோபரில் தெற்கே வந்து, மார்ச், ஏப்ரலில் திரும்பிப் போகின்றன. மாலையில் மின்கம்பியில் வரிசையாக உட்காரும் தகைவிலான், வேலியில் உட்கார்ந்து வெட்டுக்கிளி பிடிக்கும் பழுப்புக் கீச்சான், கடலோரத்து உள்ளான்கள் எல்லாம் இப்படி வந்தவைதான். நம் நாடு இருக்கும் வான்வழியில் வருடத்துக்கு 5 கோடிக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் போய்வருகின்றன.

வழியை எப்படிக் கத்துக்குது? தாய்க் குருவி கூட்டிட்டு வருமா?

வாத்து, கொக்கு போன்ற சில பறவைகள் குடும்பமாகப் பறக்கின்றன. ஆனால் சிறு குருவிகளில் பல, பிறந்த சில மாதங்களிலேயே தனியாக, அதுவும் இராத்திரியில் கிளம்பிவிடுகின்றன. 2022இல் ஐந்து மாதமே ஆன ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவில் கிளம்பி, எங்கும் இறங்காமல் 11 நாளில் 13,560 கிலோமீட்டர் பறந்து ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் போய் இறங்கியது. முதுகில் கட்டிய சிறு கருவி வழியாக விஞ்ஞானிகள் அதைப் பின்தொடர்ந்தார்கள்.

பிறவியிலேயே ஒரு திசை பதிந்திருக்கிறது என்பதை 1950களில் நெதர்லாந்தில் பெர்டெக் என்பவர் காட்டினார். வலசை போய்க்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான மைனா இனப் பறவைகளைப் பிடித்து, விமானத்தில் சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விட்டார். அனுபவமுள்ள பெரியவை திசையை மாற்றிக்கொண்டு வழக்கமான இடத்துக்குப் போயின. முதல் பயணம் போகும் குஞ்சுகளோ பழைய திசையிலேயே நேராகப் பறந்து ஸ்பெயின் பக்கம் போய்ச் சேர்ந்தன. அவற்றிடம் இருந்தது திசை மட்டும்தான். இடம் எது என்பது போகப் போகக் கற்றுக்கொள்வது.

திசை பதிஞ்சிருக்குன்னா, எது தெற்குன்னு காட்ட உள்ளே காம்பஸ் வேணுமே? அதை யார் கண்டுபிடிச்சாங்க?

ஒன்றல்ல, மூன்று காம்பஸ் இருக்கிறது: சூரியன், நட்சத்திரம், பூமியின் காந்தம். காந்தத்தைக் கண்டுபிடித்தது ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில். வலசைக் காலம் வந்தால் கூண்டுப் பறவைக்கும் இரவில் இருப்புக் கொள்ளாது. போக வேண்டிய திசையைப் பார்த்தே படபடவென்று எம்பிக்கொண்டிருக்கும். வானமே தெரியாத அறையில் வைத்தாலும் ஐரோப்பிய ராபின் என்ற சிறு வலசைக் குருவி சரியான திசையிலேயே எம்புவதை அங்கே கவனித்தார்கள். 1960களில் வோல்ஃப்காங் வில்ச்கோ கூண்டைச் சுற்றிப் பெரிய கம்பிச் சுருள்களை வைத்து, மின்சாரம் பாய்ச்சிக் காந்த வடக்கைத் திருப்பினார். ராபினும் கூடவே திரும்பியது.

இதை அளக்க ஓர் எளிய கூண்டு உண்டு. எண்ணெய் ஊற்றும் புனல் போன்ற வடிவம். அடியில் மை தோய்ந்த அட்டை, சரிவைச் சுற்றி வெள்ளைத்தாள். குருவி எம்பும்போதெல்லாம் காலில் ஒட்டிய மை தாளில் பதியும். காலையில் தாளை விரித்தால் ஒரு பக்கம் மட்டும் கறுத்திருக்கும். அமெரிக்காவின் எம்லன் தந்தையும் மகனும் 1966இல் இதை வெளியிட்டார்கள்.

பூமியோட காந்தம் அவ்வளவு பலமா? நமக்கு ஒண்ணுமே தெரியலையே.

மிகவும் பலவீனமானது. பூமியின் பரப்பில் அது 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா (காந்தப் பலத்தை அளக்கும் அளவு) வரை இருக்கும். பினாங்கில் ஏறத்தாழ 42. ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தமே இதைவிட நூறு மடங்கு பலமானது.

பலத்தைவிட முக்கியம் அது சாய்ந்திருக்கும் கோணம். அதை வீட்டிலேயே பார்க்கலாம். நான் சமையலறை மேசையில் செய்து காட்டுவது இது: ஒரு தையல் ஊசியை நடுவில் மெல்லிய நூலால் கட்டி, படுக்கை வாட்டத்தில் சமமாக நிற்கும்வரை முடிச்சை இப்படி அப்படி நகர்த்துங்கள். அப்புறம் காந்தத்தால் ஒரே பக்கமாக இருபது முப்பது தடவை தேயுங்கள். தொங்கவிட்டால் ஊசி வடக்கு தெற்காகத் திரும்பி நிற்கும். பினாங்கில் அது கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும். இதே ஊசியை ஜெர்மனியில் தொங்கவிட்டால் அதன் வடக்கு முனை ஏறத்தாழ 66 டிகிரி கீழே குத்திட்டு நிற்கும். துருவத்தை நெருங்க நெருங்க காந்தக் கோடுகள் தரையை நோக்கிச் செங்குத்தாகின்றன. காம்பஸ் செய்கிறவர்கள் ஒவ்வொரு நாட்டுக்கும் ஏற்றபடி ஊசியின் ஒரு முனையில் எடை சேர்ப்பது இதனால்தான். இந்த ஊசியை மறந்துவிடாதீர்கள். கீழே மறுபடி வரும்.

காந்தம்னா இரும்புதானே வேணும்? கண்ணுக்கும் காந்தத்துக்கும் என்ன சம்பந்தம்?

நியாயமான கேள்வி. விஞ்ஞானிகளும் பல வருடம் இரும்பைத்தான் தேடினார்கள். புறாவின் மேல் அலகில் இரும்புள்ள செல்கள் இருக்கின்றன, அவைதான் காந்த உணர்வு நரம்புகள் என்று பாடப்புத்தகம் வரைக்கும் போய்விட்டது. 2012இல் நூற்றுக்கணக்கான புறாக்களின் அலகைச் சீவிப் பார்த்த ஆய்வு, அவை நரம்பே அல்ல, உடம்பில் இரும்பைச் சேர்த்துவைக்கும் நோயெதிர்ப்பு செல்கள் என்று சொல்லிவிட்டது.

கண் பக்கம் சந்தேகம் திரும்ப மூன்று காரணங்கள். முதலாவது வெளிச்சம். நீலம், பச்சை வெளிச்சத்தில் ராபின் சரியாகத் திசை காட்டியது. சிவப்பு வெளிச்சத்தில் குழம்பிப்போனது. அலகில் இருக்கும் இரும்புக்கு விளக்கின் நிறம் எதற்கு? இரண்டாவது, வில்ச்கோவும் அவர் மனைவி ரோஸ்விதாவும் 1972இல் வெளியிட்ட முடிவு: குருவி வடக்கு முனை, தெற்கு முனை என்று பிரித்துப் பார்ப்பதில்லை, காந்தக் கோட்டின் சாய்வை மட்டுமே பார்க்கிறது. கோடு தரைக்குள் இறங்கும் பக்கம் துருவம், மறுபக்கம் நடுக்கோடு. இரும்பு ஊசி அப்படி வேலை செய்யாது.

மூன்றாவதுதான் எனக்கு மிக உறுதியாகப் படுவது. ராபினின் மூளையில் பார்வையைக் கையாளும் பகுதிக்குள் ஒரு சிறு இடம் இருக்கிறது. ‘கொத்து என்’ (Cluster N) என்று அதற்குப் பெயர். 2009இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் ஹென்ரிக் மோரிட்சன் குழுவினர், அந்த இடம் செயலிழந்த ராபின்கள் காந்தத்தால் திசை காண முடியாமல் தவிப்பதையும், அதே பறவைகள் சூரியனையும் நட்சத்திரத்தையும் வைத்துச் சரியாகத் திசை காண்பதையும் காட்டினார்கள். அலகுக்குப் போகும் நரம்பை வெட்டிய ராபின்களுக்கோ காந்த காம்பஸ் கெடவே இல்லை.

சரி, கண்ணுக்குள்ளே அப்படி என்னதான் நடக்குது?

விழித்திரையில் கிரிப்டோகுரோம் என்ற புரதம் இருக்கிறது. செடிகளிலும் பூச்சிகளிலும் நம் உடம்பிலும்கூட இதன் வகைகள் உண்டு. பறவையில் கவனத்துக்கு வந்திருப்பது கிரிப்டோகுரோம் 4. ராபினின் விழித்திரையில் இது வலசைக் காலத்தில் அதிகமாகிறது. கோழிக்கு அப்படி ஆவதில்லை. கோழி எங்கே வலசை போகிறது?

புரதத்துக்குள் ஃபிளேவின் என்ற சிறு மூலக்கூறு உட்கார்ந்திருக்கிறது. நீல ஒளி அதன்மேல் பட்டதும், பக்கத்தில் இருக்கும் டிரிப்டோபனிலிருந்து (புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்று) ஓர் எலெக்ட்ரான் அதற்குத் தாவுகிறது. அந்தக் காலியிடத்துக்கு அடுத்த டிரிப்டோபனிலிருந்து இன்னொன்று. இப்படி நான்கு டிரிப்டோபன், வாளி கைமாற்றித் தீயணைப்பது போல. கடைசியில் இரண்டு முனையிலும் ஜோடி இல்லாத ஒற்றை எலெக்ட்ரான் ஒவ்வொன்று மிஞ்சும். தூரத்தில் இருந்தாலும் இரண்டின் சுழற்சியும் பிணைந்தே இருக்கிறது. எதிரெதிராகச் சுழல்வது, ஒத்துச் சுழல்வது என்ற இரண்டு நிலைகளுக்கும் இடையே ஒரு வினாடிக்குள் லட்சக்கணக்கான தடவை மாறிக்கொண்டே இருக்கும். எந்த நிலை எவ்வளவு என்ற விகிதத்தைத்தான் பூமியின் காந்தம் லேசாக மாற்றுகிறது. அதைப் பொறுத்து, புரதம் அடுத்து எடுக்கும் வடிவத்தின் அளவு கூடும், குறையும்.

ஒரு பொறியியல் மாணவர் என்னை மடக்கினார். “உடம்புச் சூட்டில் மூலக்கூறு அதிர்வதே பூமியின் காந்த சக்தியைவிட லட்சக்கணக்கான மடங்கு பெரியதாச்சே, அந்த இரைச்சலில் இது எப்படிக் கேட்கும்?” என்றார். கூரை முகட்டில் விழும் மழைத்துளியை நினைத்துப் பாருங்கள். தரையில் தேங்கிய தண்ணீரை லேசான காற்றால் கூரைக்கு ஏற்ற முடியாது. ஆனால் முகட்டின் உச்சியில் இருக்கும் துளி இந்தப் பக்கம் வழிவதா அந்தப் பக்கம் வழிவதா என்பதை அந்த லேசான காற்றே முடிவு செய்துவிடும். துளியை உச்சிக்கு ஏற்றும் வேலையை நீல ஒளி செய்துவிடுகிறது. அதனால்தான் வெளிச்சம் இல்லாமல் இந்தக் காம்பஸ் இல்லை. கண்ணில் இப்படி நடக்கலாம் என்ற யோசனைக்கு விதை போட்டவர் கிளாஸ் ஷுல்டன், 1978இல். 2000இல் அவரும் தோர்ஸ்டன் ரிட்ஸும் கிரிப்டோகுரோமைப் பெயர் சொல்லிச் சுட்டினார்கள்.

அப்போ குருவிக்குக் காந்தம் கண்ணுல தெரியுமா? எந்த மாதிரி தெரியும்?

விழித்திரை உருண்டையானது. அதில் ஒவ்வோர் இடத்திலும் இருக்கும் புரதம் காந்தக் கோட்டுக்கு ஒவ்வொரு கோணத்தில் நிற்கும். அதனால் ஓரிடத்தில் சமிக்ஞை கூடி, ஓரிடத்தில் குறைந்து, பார்க்கும் காட்சியின்மேல் மங்கலான ஒரு நிழல் படிந்தது போலத் தெரியலாம், தலையைத் திருப்பினால் அந்த நிழலும் நகரலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. ராபினுக்குள் புகுந்து பார்க்க வழியில்லை. ஆனால் வலசைக் குருவிகள் இரவில் எம்புவதற்கு முன் தலையை இருபக்கமும் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கூண்டில் கவனித்திருக்கிறார்கள்.

ராத்திரியில ஏது நீல வெளிச்சம்?

இருக்கிறது. நிலா இல்லாத இரவிலும் நட்சத்திர ஒளியில் நீலம் உண்டு. கூண்டுச் சோதனைகளையும் மிக மங்கலான வெளிச்சத்தில்தான் செய்கிறார்கள்.

பினாங்கில் ஊசி படுத்துக் கிடக்குதுன்னு சொன்னீங்க. குருவி சாய்வைத்தான் பார்க்குதுன்னும் சொன்னீங்க. அப்போ இங்கே வந்ததும் அதுக்குத் திசையே தெரியாதே?

இதைக் கேட்டது ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி. என்னை இத்தனை தூரம் படிக்க வைத்ததும் அவள்தான்.

காந்தக் கோடு முழுக்கப் படுத்துவிடும் இடங்களை இணைத்தால் பூமியைச் சுற்றி ஒரு வளையம் வரும். அதுதான் காந்த நடுக்கோடு. நிலநடுக்கோடு நமக்குத் தெற்கே, சுமாத்ரா வழியாகப் போகிறது. காந்த நடுக்கோடோ நமக்கு வடக்கே, கெடாவையும் பெர்லிஸையும் தாண்டி, தென் தாய்லாந்தின் குறுக்கே போகிறது. அப்படியே மேற்கே நீண்டு இந்தியாவின் தென்முனையைத் தொடுகிறது. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பாவில் 1963இல் இந்தியா முதல் ராக்கெட்டை விட்டதே, அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இந்தக் கோடு அருகில் போவதுதான். ஆக, பினாங்குக்கு வந்து இறங்கும் சைபீரியக் குருவி காந்த நடுக்கோட்டை அப்போதுதான் கடந்து வந்திருக்கிறது. நம் வீட்டு வாசலில்தான் அதன் காம்பஸ் படுத்துக்கொள்கிறது.

கஷ்டம் இரண்டு. கோட்டின் மேலே சாய்வு இல்லை, எனவே திசை இல்லை. கோட்டைத் தாண்டினாலோ சாய்வு தலைகீழாகிவிடும். அதுவரை ‘நடுக்கோடு பக்கம் போ’ என்பதுதான் தெற்கே போவதற்கான கட்டளை. தாண்டியபின் அதே கட்டளை பறவையைத் திரும்ப வடக்கே இழுத்துவிடும். ஆப்பிரிக்காவின் தென்பகுதி வரை போகும் தோட்டக் கதிர்க்குருவியை வைத்து வில்ச்கோ தம்பதியர் 1992இல் இதைச் சோதித்தார்கள். இலையுதிர்காலப் பயணத்தின் நடுவில் சில குருவிகளைச் செயற்கையாகப் படுக்கைக் காந்தப் புலத்தில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, மறுபடி ஜெர்மனியின் இயல்பான புலத்தில் விட்டார்கள். தெற்கே எம்பிக்கொண்டிருந்த குருவிகள் இப்போது வடக்கே எம்பின. ‘நடுக்கோட்டைத் தாண்டிவிட்டோம், இனி துருவத்தின் பக்கம் போக வேண்டும்’ என்று அவற்றின் உள்கட்டளை மாறியிருந்தது. படுத்த புலமே மாற்றத்துக்கு அடையாளம். அமெரிக்காவின் பாபோலிங்க் என்ற பறவையிலும் இப்படிப்பட்ட முடிவு கிடைத்திருக்கிறது.

சாய்வே இல்லாத அந்த ஓரிரு இரவுகளுக்கு மற்ற இரண்டு காம்பஸ்கள் கைகொடுக்கும். 2004இல் அமெரிக்காவில் சில பூங்குருவி வகைப் பறவைகளை அந்தி நேரத்தில் திருப்பிய காந்தப் புலத்தில் வைத்திருந்துவிட்டுப் பறக்கவிட்டார்கள். அன்று இரவு தப்பான திசையில் போயின. மறுநாள் அந்தியைப் பார்த்ததும் திருத்திக்கொண்டு சரியான திசையில் பறந்தன. ஒவ்வொரு நாளும் சூரியன் மறையும் இடத்தை வைத்து அவை காந்தக் காம்பஸைச் சரிபார்க்கின்றன. நட்சத்திரம் இங்கே கொஞ்சம் கஷ்டம்தான். பினாங்கில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே 5 டிகிரிதான் இருக்கும். புகைமூட்டத்தில் நானே அதைப் பார்த்ததில்லை. அதனால் நம் பக்கத்துப் பறவைக்கு அந்திதான் பெரிய துணையாக இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

என் தம்பி பந்தயப் புறா வளர்க்கிறான். புறாவுக்கும் இதே கதைதானா?

பாதி. 1971இல் அமெரிக்காவில் வில்லியம் கீட்டன் புறாக்களின் முதுகில் சிறு காந்தத்தைக் கட்டிப் பறக்கவிட்டார். மேகம் மூடிய நாளில் அவை தடுமாறின; வெயில் அடித்த நாளில் ஒழுங்காக வீடு வந்தன. சூரியன் இருந்தால் புறாவுக்கு அது போதும். புறா வீடு திரும்புகிறதே தவிர வலசை போவதில்லை. அதன் கிரிப்டோகுரோம் 4 காந்தத்துக்குக் காட்டும் எதிர்வினையும் ராபினுடையதைவிடக் குறைவு என்று 2021 ஆய்வு சொல்கிறது. தம்பியிடம் மேகமூட்ட நாளில் இளம் புறாவைத் தூரத்தில் கொண்டுபோய் விட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஃபோன் டவராலும் 5ஜியாலும் குருவிக்குத் திசை கெட்டுப்போகுதுன்னு வாட்சாப்பில் வந்துச்சே, உண்மையா?

வானொலி அலையால் இந்தக் காம்பஸ் கெடுவது உண்மை. ஃபோன் அலையால் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஓல்டன்பர்க் பல்கலைக்கழக வளாகத்தில் ராபின்கள் திசையே காட்டாமல் இருந்தன. கூண்டு இருந்த மரக்குடிலை அலுமினியத் தகட்டால் மூடி, தகட்டைக் கம்பியால் தரையோடு இணைத்ததும் (எர்த் செய்ததும்) சரியாகக் காட்டின. இணைப்பைக் கழற்றினால் மறுபடி குழப்பம். வருடக்கணக்கில், சோதிப்பவருக்கே இணைப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மாதிரி திரும்பத் திரும்பச் செய்து, 2014இல் வெளியிட்டார்கள். கெடுத்தது 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையான மின்கருவி இரைச்சல், பழைய ஏ.எம். வானொலி இருக்கும் அலைவரிசை.

பிறகு வேறொரு கதிர்க்குருவியில் 75 முதல் 85 மெகாஹெர்ட்ஸ் வரை கெடுத்தது. 140இலும் 235இலும் ஒன்றும் ஆகவில்லை. ஒற்றை எலெக்ட்ரான் ஜோடிக் கணக்கு சொல்லும் எல்லையும் இந்த இடைவெளிக்குள்தான் வருகிறது. ஃபோன்கள் வேலை செய்வது பல நூறு மெகாஹெர்ட்ஸுக்கு மேலே. எனவே அந்தச் செய்தியை அனுப்பியவருக்குத் திருத்தி அனுப்புங்கள்.

அப்போ காலையில கட்டடத்துக்குக் கீழே செத்துக் கிடக்கிற குருவிங்க?

போன அக்டோபரில் ஜார்ஜ்டவுனில் பசியாறப் போகும்போது கடை வாசல் அஞ்சடியில் ஓர் ஆறுமணிக் குருவியைக் கண்டேன். நீலச்சிறகு வகை. தோளில் மினுங்கும் நீலம், கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, வால் அடியில் இரத்தச் சிவப்பு. உடம்பு இன்னும் விறைக்கவில்லை. மேலே நிமிர்ந்தால், இரவெல்லாம் விளக்கெரியும் கண்ணாடிச் சுவர். வலசைக் காலத்தில் இந்த இனம் இப்படி மோதி விழுவது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தெரிந்த விஷயம்.

அதைக் கொன்றது விளக்கும் கண்ணாடியும். இதில் காந்தக் காம்பஸுக்கும் பங்கு இருக்கலாம் என்று சொல்லும் ஆய்வாளர்கள், மேலே சொன்ன சிவப்பு வெளிச்சத்தைச் சுட்டுகிறார்கள். வடகடலின் எரிவாயு மேடை ஒன்றில் வழக்கமான விளக்குகளை, சிவப்புக் குறைந்த பச்சை விளக்குகளாக மாற்றியதும் சுற்றிச் சுற்றி வரும் பறவைகள் குறைந்தன. அக்டோபர், நவம்பர் இரவுகளில் மேல் மாடி விளக்கை அணைத்து வையுங்கள், திரையை இழுத்து விடுங்கள். மேகமூட்ட இரவில் இது இன்னும் முக்கியம். குருவி மயங்கிக் கிடந்தால் காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில், இருட்டில், தண்ணீர் ஊட்டாமல் சில மணி நேரம் விடுங்கள். பல பிழைத்துக்கொள்ளும்.

நம்ம கண்ணிலும் அந்தப் புரதம் இருக்குன்னீங்களே, நமக்கு ஏன் தெரியல?

நம் விழித்திரையில் இருப்பது கிரிப்டோகுரோம் 2. 2011இல் அந்த மனித ஜீனை, சொந்தப் புரதம் இல்லாத பழ ஈக்களில் வைத்தார்கள்; ஈக்கள் காந்தத்தை உணர்ந்தன. நமக்கு இதன் முக்கிய வேலை உடம்பின் பகல் இரவுக் கடிகாரத்தை ஓட்டுவது. கருவி மட்டும் இருந்தால் போதாது. அதைக் கேட்க மூளையில் ‘கொத்து என்’ போன்ற இடமும் வேண்டும்.

இதெல்லாம் நிரூபணமானதா? இல்லை, நாளைக்கு மாத்திச் சொல்லுவாங்களா?

பறவைக்குக் காந்தக் காம்பஸ் இருப்பது, அது சாய்வைப் பார்ப்பது, வெளிச்சம் தேவைப்படுவது, பார்வைப் பகுதி மூளை தேவைப்படுவது, இவை உறுதி. கிரிப்டோகுரோம் 4 தான் அந்தப் புரதம் என்பது மிக வலுவான கருத்து. 2021இல் ஓல்டன்பர்க்கும் ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர் ஹோர் குழுவும் ராபினின் புரதத்தைப் பாக்டீரியாவில் உருவாக்கி, அது காந்தத்துக்கு அசைவதைக் காட்டினார்கள். ஆனால் அது குழாய்க்குள் நடந்தது. அங்கே பயன்படுத்திய புலம் பூமியின் புலத்தைவிடப் பல மடங்கு பெரியது. உயிருள்ள கண்ணில், பூமியின் புலத்தில் அதே வேலை நடப்பதை நேரடியாகக் காட்டுவது மிச்சம்.

மாறிய முடிவுகளும் உண்டு. வலது கண்ணால் மட்டுமே ராபின் காந்தத்தை உணர்கிறது என்று 2002இல் எழுதினார்கள். பின்னால் வேறு ஆய்வுகளில் இடது கண்ணும் அதே அளவு வேலை செய்தது. அலகுக் கதையும் முழுக்க முடியவில்லை. அலகு நரம்பு வெட்டிய நாணல் கதிர்க்குருவிகளை ரஷ்யாவில் 1,000 கிலோமீட்டர் கிழக்கே கொண்டுபோய் விட்டபோது, அவற்றுக்குத் திசை தெரிந்தது, தாம் இடம் மாறியது தெரியவில்லை. நரம்பு வெட்டாதவை மாறிய இடத்துக்கேற்பத் திசையைத் திருத்திக்கொண்டன. எது தெற்கு என்பதற்குக் கண், நான் எங்கே இருக்கிறேன் என்பதற்கு அந்த நரம்பு என்று இரண்டு தனி உணர்வுகள் இருக்கலாம். ஐந்தாம் ஆண்டு மாணவிக்கு இதைச் சொன்னபோது, “அப்போ பெர்டெக் குஞ்சுகளுக்கு இரண்டாவது இன்னும் வரலையா டீச்சர்?” என்று கேட்டாள். அதே திசையில்தான் ஆராய்ச்சியும் போய்க்கொண்டிருக்கிறது.